சிப்பித்துறையில் வால்வு காய்த்த வருடம்

உலகம் முழுக்கச் சண்டை நடந்த அந்த வருடங்களில், தூத்துக்குடிக்குத் தெற்கே சிப்பித்துறை என்ற கடற்கரை ஊரில் இருந்த பழைய உப்புக் கிட்டங்கியைக் கடற்படை எடுத்துக்கொண்டு, அதன் கூரைமேல் தென்னை உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்துக் கட்டி, காற்றில் போகிற சேதிகளைப் பிடிக்கத் தொடங்கியது. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலில் வலை போடுகிறவர்களுக்குக் காற்றில் வலை போடுகிறவர்களைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை. என்ன அகப்பட்டது என்று மட்டும் சாயங்காலம் கேட்டார்கள், காவல்காரர்கள் சொல்ல மறுத்தார்கள், நல்ல மீன் கிடைத்த இடத்தை யாரும் அடுத்தவனுக்குச் சொல்வதில்லை என்பதால் ஊர் அதையும் சரியென்று ஒப்புக்கொண்டது.

அகப்பட்டவை எல்லாம் கலைந்த எழுத்துகள். எதிரியின் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் தமக்குள் பேசிக்கொண்ட பேச்சு அது. பேச்சை அனுப்புவதற்கு முன் ஒரு பெட்டிக்குள் போட்டு, பெட்டிக்குள் இருந்த சக்கரங்களைச் சுற்றி, ஒவ்வொரு எழுத்தையும் வேறோர் எழுத்தாக்கி அனுப்பினார்கள். அன்றைக்குச் சக்கரங்களை எந்த நிலையில் வைத்துத் தொடங்கினார்கள் என்று தெரிந்துவிட்டால் சேதி முழுக்கத் தெளிந்துவிடும், ஆனால் அந்த நிலை தினமும் மாறியது. அதைக் கண்டுபிடிக்க ஒன்பது பெண்கள் நீண்ட மேசைகளில் உட்கார்ந்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது, எந்த எழுத்துக்குப் பின்னால் எது வருகிறது என்று எண்ணி எண்ணிக் கட்டம் போட்ட தாளில் குறித்தார்கள். அவர்களுக்குத் தலைவி பாளையங்கோட்டை எப்சிபாய். கணிதத்தில் பட்டம் வாங்கியவள், இருபத்தாறு வயது, யோசிக்கும்போது பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு மேசையெல்லாம் தேடுகிறவள். ஒரு நாளின் சக்கர நிலையைப் பிடிக்க அவர்களுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. சேதி தெளியும்போது, அது மூழ்கடிக்கப் போவதாகச் சொன்ன கப்பல் மூழ்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். எப்சிபாய் அந்தக் கப்பல்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் தாணுமாலயன் வந்தார். நாகர்கோவில்காரர். டெலிபோன் இலாகாவில் பன்னிரண்டு வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவர். கிட்டங்கிக்குப் பொறுப்பாக இருந்த கேப்டனுக்கு ஹார்க்னெஸ் என்று பெயர். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால், நாலு கண் போதாதென்று ஊர் அவரை ஆறுகண்ணு துரை ஆக்கியிருந்தது. அவர் தமிழை ஒரு முன்ஷியிடம் இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்தவர், ஆகையால் அவர் பேசுவது ஊருக்குப் பாதி புரியும், பாதி கோயிலில் பூசை கேட்பதுபோல் இருக்கும்.

"எண்ணுறதுக்கு மனுசங்க எதுக்கு சார்? வால்வை எண்ண விடுவோம்" என்றார் தாணுமாலயன். "ரேடியோவுக்குள்ள எரியுற அதே கண்ணாடி வால்வுதான். அதுக்குள்ள நகர்றதுக்கு ஒண்ணும் கிடையாது, மின்சாரம் மட்டுந்தான் ஓடுது. இந்தப் பிள்ளைகள் ஒரு நாள் பூரா எண்ணுறதை அது ஒரு நிமிசத்துல எண்ணிப்போடும்."

"அவை அடிக்கடி எரிந்து பழுதாகுமன்றோ?" என்றார் கேப்டன்.

"போட்டுப் போட்டு அணைச்சாத்தான் பழுதாகும் சார். அணைக்காம வச்சிருந்தா வருசக்கணக்கா நிக்கும். எக்சேஞ்சுல கண்ணால பாத்திருக்கேன்."

கேப்டன் நம்பவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உடைந்த ரேடியோக்கள், கழித்துப்போட்ட டெலிபோன் பெட்டிகள், தையல் மெஷினின் சக்கரம் இரண்டு, இவற்றையெல்லாம் வைத்துத் தாணுமாலயன் கிட்டங்கியின் வடக்குச் சுவர் நீளத்துக்கும் ஓர் இயந்திரம் கட்டினார். ஊர் அதற்கு எண்ணி என்று பேர் வைத்தது. எண்ணிக்கு அறுநூறு வால்வுகள் வேண்டும். கையில் இருந்தவை இருநூற்றுப் பதினொன்று. மிச்சத்தை ஏற்றி வந்த கப்பல் அரபிக்கடலில் மூழ்கியது, அது மூழ்கப்போகிற சேதி பதினோரு நாள் கழித்து எப்சிபாயின் மேசையில் தெளிந்தது, அவள் அந்தப் பெயரையும் நோட்டில் எழுதினாள்.

கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கியவள் மிக்கேலம்மாள். முப்பத்திரண்டு வயது. அவள் புருசன் கஸ்பார் கிளென்மாரா என்ற சரக்குக் கப்பலில், ஊர் வாயில் அது கிளிமாறன், அடுப்புக்குக் கரி தள்ளுகிற வேலையில் இருந்தான். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. கிட்டங்கியிலிருந்து ஒரு துண்டுத் தாள்கூட வெளியே போகக் கூடாது என்பது உத்தரவு. எரிந்துபோன வால்வுகளை என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை. மணலில் போட்டால் பிள்ளைகளின் காலைக் கிழிக்கும் என்று மிக்கேலம்மாள் அவற்றைக் கிட்டங்கிக் கிணற்றடிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்து, மேலே மரவள்ளிக் கிழங்கு அவித்த தண்ணீரை ஊற்றி மிதித்துவிட்டாள். பர்மா எதிரி கைக்குப் போனதிலிருந்து அரிசி வரத்து நின்று, எல்லா வீட்டிலும் கிழங்குதான் அவிந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் அந்த இடத்தில் முளை வந்தது. இரண்டு வாரத்தில் முருங்கை உயரத்துக்கு வந்துவிட்டது. பட்டை ஈயத்தின் நிறம், இலை அப்பளத்தைவிட மெல்லிசு, காற்றடித்தால் டம்ளர்கள் உரசுகிற சத்தம். மூன்றாம் வாரம் பூத்தது. நான்காம் வாரம் காம்புக்குக் காம்பு கண்ணாடிக் காய்கள் தொங்கின, உள்ளே மெல்லிய கம்பிச் சுருளும் அடியில் நான்கு பித்தளைக் கால்களுமாக.

சிப்பித்துறையில் அதைப் பற்றிப் பெரிய பேச்சு இருந்தது, ஆனால் எப்படிக் காய்த்தது என்பதைப் பற்றி இல்லை, எப்படிப் பறிப்பது என்பதைப் பற்றி. தொரட்டி போட்டு இழுத்தால் கீழே விழுந்து உடையும் என்றார்கள் ஒரு கட்சியார், ஏறிப் பறித்தால் கிளை தாங்காது என்றார்கள் இன்னொரு கட்சியார், கடைசியில் சந்தியாகு தண்டல், ஊரின் படகுகளுக்கெல்லாம் மூத்த ஓட்டி, பழைய மீன்வலையைத் தொட்டில்போல மரத்தடியில் கட்டச் சொன்னார், அதோடு அந்த வழக்குத் தீர்ந்தது. பால் நிறமாக இருந்தால் காய் என்றும், சாயங்காலம் உள்ளே கம்பி சிவந்தால் பழம் என்றும் பெண்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மாசமாக இருப்பவள் பறித்தால் இரட்டையாக வருகிறது என்று ஒரு பேச்சு எழுந்து, எசக்கியேல் வீட்டு மருமகள் பறித்துப் பார்த்து, ஒற்றையாகவே வந்ததால் அடங்கியது. பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், இதை அற்புதம் என்று சொல்ல வேண்டுமானால் மேற்றிராணியாருக்கு எழுதி, அவர் ரோமாபுரிக்கு எழுதி, விசாரணைக்கு ஆள் வந்து முடிய இருபது வருடம் ஆகும், அதுவரைக்கும் இதை மரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஊர் அப்படியே வைத்துக்கொண்டது.

ஒரு சங்கடம்தான். இருட்டடிப்பு உத்தரவு அமலில் இருந்தது, வீட்டு விளக்கின் கண்ணாடிக்குக்கூடக் கருப்புத் தாள் ஒட்ட வேண்டும், மரமோ சாயங்காலமானால் பெருநாள் சப்பரம்போல மினுங்கியது. ஆகவே ஊரில் இருந்த கிழிந்த படகுப் பாய்களையெல்லாம் சேர்த்துப் பெண்கள் பெரிய கூடாரமாகத் தைத்து மரத்தைச் சுற்றி மாட்டினார்கள். தைத்து முடித்த பிறகும் யாருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் கூடாரத்துக்குள் வந்து, அந்தச் சிவந்த வெளிச்சத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு, கப்பலில் இருக்கிறவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கமாயிற்று. யாருக்குக் கடிதம் வந்தது, யாருக்கு வரவில்லை, ஏடனில் எவன் காய்ச்சலில் படுத்தான், இதெல்லாம் அங்கே தினமும் சொல்லப்பட்டது.

எண்ணியைவிட்டு நகராமல் கிடந்த தாணுமாலயன், மிக்கேலம்மாள் கொண்டு வந்து கொடுத்த முதல் பழத்தைத் துண்டால் துடைத்து எண்ணியின் பொந்தில் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. கம்பெனி வால்வைவிட நிதானமாக எரிந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்தக் கம்பெனி அக்கா?" என்று கேட்டார்.

"கிணத்தடி கம்பெனி. கொல்லையில நிறையத் தொங்குது, வாங்க காட்டுதேன்" என்றாள் மிக்கேலம்மாள்.

இரண்டு மாதத்தில் எண்ணிக்கு நானூற்று எண்பது வால்வு ஆயிற்று. பதினோரு நாள் வேலை மூன்று நாளில் முடிந்தது. அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து மரத்தைப் பார்த்தார், ராணுவ முக்கியத்துவம் உள்ள ஒரு பொருளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து வலை பொத்துவதையும் பார்த்தார், முள்கம்பி வேலி போட உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வேலி போட்டார்கள். துப்பாக்கியோடு இரண்டு பேரை நிறுத்தினார்கள். கூடாரத்துக்குள் யாரும் வரக் கூடாது. ஐந்தாம் நாள் பூக்கள் கருகி உதிர்ந்தன. காய்த்தவை பால் நிறத்திலேயே நின்றன. செருகிப் பார்த்தால் உள்ளே கம்பியே இல்லை, வெறும் கண்ணாடி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு விவசாய நிபுணர் வந்து மண்ணை நக்கிப் பார்த்து, உப்பு அதிகம் என்று எழுதினார்.

மிக்கேலம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேப்டனின் அறைக்குள் போனாள்.

"அய்யா, அந்த வேலியை எடுத்துருங்க."

"இஃது இரகசியம் அம்மையே" என்றார் கேப்டன். "ஊரார் அறியலாகாது."

"ஊராருக்குத் தை மாசத்துலயே தெரியும் அய்யா. மரத்தைத் தெரியும், எண்ணியைத் தெரியும், இந்தப் பிள்ளைகள் என்ன எண்ணுதுன்னும் தெரியும். தூத்துக்குடிச் சந்தைக்கு வாரத்துக்கு மூணு நாளு எங்க பொம்பளைக கூடை தூக்கிட்டுப் போறாக. அங்க ஒரு ஆளாவது சிப்பித்துறையில மரம் நிக்குதான்னு உங்கள்ட்ட கேட்டிருக்காகளா?"

கேப்டன் யோசித்தார். யாரும் கேட்டதில்லை.

"பேச்சுக் கேட்டு வளந்த மரம் அது. துப்பாக்கிக்காரர் ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாக. அது என்னத்தைக் கேட்டுக் காய்க்கும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், உத்தரவுத் தாளை எடுத்துப் படித்தார். அதில் வேலி என்று இருந்ததே தவிர, வேலிக்கு உள்ளே யார் இருக்கக் கூடாது என்று எழுதவில்லை. மறுநாள் வேலி அப்படியே நின்றது, பெண்கள் அதற்கு உள்ளே உட்கார்ந்து வலை பொத்தினார்கள், துப்பாக்கிக்காரர்கள் வெளியே நின்றார்கள். பத்து நாளில் மரம் மறுபடி பூத்தது. ஆவணி மாதம் பிறந்தபோது எண்ணியின் அறுநூறு பொந்துகளிலும் விளக்கு எரிந்தது, அன்றிலிருந்து அதை யாரும் அணைக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் பிடித்த சேதி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தெளிந்தது. ஒன்பது பெண்களும் அன்றைக்கு முதன்முதலாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எப்சிபாய் நோட்டை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

எடுத்து வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் தெளிந்த சேதியில், சிப்பித்துறைக்குக் கிழக்கே, பெரியபார் என்று ஊர் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் பக்கத்தில், ஒரு நீர்மூழ்கி வந்து அமிழ்ந்து கிடப்பதாகவும், கொழும்பிலிருந்து அரிசி ஏற்றி வெள்ளிக்கிழமை அந்த வழியாக வரும் கிளென்மாரா என்ற கப்பலுக்காக அது காத்திருப்பதாகவும் இருந்தது.

எப்சிபாய் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு கேப்டனிடம் ஓடினாள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"கப்பலுக்குச் சேதி அனுப்பணும் சார். வழியை மாத்தச் சொல்லணும்."

"மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்றார். கேட்டார். சாயங்காலம் பதில் வந்தது. அதை அவர் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் சொன்னார், இந்த முறை இலக்கணத் தமிழில் இல்லை, தன் சொந்த இங்கிலீஷில். கப்பல் திரும்பாது. அந்த நீர்மூழ்கி இருக்கும் இடம் கடலுக்கு மேலே யாருக்கும் தெரியாது. கப்பல் திடீரென்று வழி மாறினாலோ, ஒரு விமானம் நேராக அங்கே போய்க் குண்டு போட்டாலோ, தங்கள் பேச்சை யாரோ படிக்கிறார்கள் என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். சக்கரங்களை மாற்றிவிடுவான். பிறகு எண்ணியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வருடம் நூறு கப்பல் போகும். நூறுக்காக ஒன்று.

"அதுல அறுபத்து நாலு பேர் இருக்காங்க சார்."

"தெரியும்" என்றார் கேப்டன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை எப்சிபாய் கூடாரத்துக்குள் போய் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தாள், தெளிந்த சேதியில் ஒரு வார்த்தையைக்கூட யாருக்கும் சொல்வதில்லை என்று. மிக்கேலம்மாள் விளக்குமாற்றோடு வந்தாள்.

"என்ன எப்சியம்மா, ராத்திரியும் சாப்பிடலியாம்? கண்ணு வீங்கிக் கிடக்கு."

எப்சிபாய் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து, மடியில் வைத்து, மறுபடி எடுத்தாள்.

"அக்கா, நாளைக்குப் பெரியபார்ல மீன் கிடைக்குமா?"

மிக்கேலம்மாள் கூட்டுவதை நிறுத்தினாள். ஆவணிக் காற்றில் பெரியபார்ப் பக்கம் ஒரு மத்திகூடக் கிடைக்காது என்பது சிப்பித்துறையில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். எப்சிபாய் மீன் சாப்பிடுகிறவளும் இல்லை. இரண்டு வருடமாகக் கலைந்த எழுத்துகளை எண்ணிய அந்தப் பெண்ணின் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வருகிறதென்றால், அது கேள்வி இல்லை. நாளைக்கு. பெரியபார். வீங்கிய கண். தன்னைப் பார்க்காமல் பேசுகிற பேச்சு. மிக்கேலம்மாளுக்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை.

விளக்குமாற்றின் முனையை உள்ளங்கையில் தட்டிச் சரிசெய்தாள்.

"போய்ப் பாத்தாத்தான தெரியும்" என்றாள். "நீங்க எந்திச்சுப் போய் ஒரு வாய் சாப்பிடுங்க."

சந்தியாகு தண்டல் கரையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, நாளைக்கு விடியமுன்ன எல்லாப் படகையும் பெரியபாருக்கு எடுக்கணும்."

அவர் கயிற்றை விடவில்லை. "அங்க மீனு இல்லியே, மகளே."

"இல்ல."

"எல்லாப் படகுமா?"

"எல்லாந்தான். போய் வட்டமா நின்னு வலை போடணும். மீன் பிடிக்க வந்தவுக மாதிரி. வேற மாதிரி இருக்கக் கூடாது."

"அடியில என்ன இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாம இருந்தா நல்லது மாமா. ஆனா சுடுற சாமான் இருக்கும். வர இஷ்டமில்லாதவுக வர வேண்டாம்னு சொல்லிருங்க."

தண்டல் கிட்டங்கியின் கம்பங்களை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். கிளிமாறன் எந்தப் பக்கமிருந்து எப்போது வரும் என்பதைக் கடலில் ஐம்பது வருடம் கிடந்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "ஆம்பிளைகள் பாதிப் பேரு கப்பல்ல கிடக்கான்" என்றார். "பொம்பளைகளும் ஏறுனாத்தான் நாப்பது படகு தேறும்."

"ஏறுதோம்."

வெள்ளிக்கிழமை கரைக்காற்று எழும்பியபோது பத்தொன்பது வள்ளமும் இருபத்தொரு கட்டுமரமும் பாய் விரித்தன, படகில் கால் வைத்தே இராத பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள், பங்குச்சாமியார் சேற்றில் முழங்கால்வரை இறங்கி நின்று ஒவ்வொரு படகாகத் தொட்டுத் தள்ளிவிட்டார், எங்கே போகிறீர்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கிட்டங்கியின் மாடியிலிருந்து கேப்டன் தொலைநோக்கியில் பார்த்தார். நாற்பது பாய்கள், மீனே இல்லாத திசையில். உள்ளே வந்து எப்சிபாயின் மேசைப் பக்கம் நின்றார்.

"இன்று மீனவர் கிழக்கே செல்கின்றனர்."

"அது அவங்க கடல் சார்" என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அன்றைய நாட்குறிப்பில் காற்றின் திசையை மட்டும் எழுதிவிட்டுப் போனார்.

வெயில் ஏறும்போது நாற்பது படகும் பெரியபாரைச் சுற்றி வட்டமாக நின்றன. வலை இறங்கியது. வந்தது பாசிதான். மீனே வராத வலையை முகம் மாறாமல் இழுப்பது எவ்வளவு கடினம் என்று அவர்கள் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். ஒரு வலை இழுத்ததும் அடுத்ததை விட்டார்கள், சத்தமாகப் பேசினார்கள், சண்டைகூடப் போட்டார்கள், பாதி பயத்தில், பாதி கீழே இருப்பவனுக்குக் கேட்கட்டும் என்று. இரண்டாம் இழுப்பில் எசக்கியேலின் வலை இரும்பில் மாட்டியது.

அப்போது மிக்கேலம்மாளின் வள்ளத்திலிருந்து பத்து முழ தூரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு குழாய் மேலே வந்தது. முழங்கை உயரம். அதன் நுனியில் கண்ணாடி. அது மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, படகு படகாகப் பார்த்துவிட்டு, அவளிடம் வந்து நின்றது. சுட வேண்டுமென்றால் மேலே வந்து நாற்பது படகையும் கால்மணி நேரத்தில் தீர்த்துவிட்டுப் போகலாம். மிக்கேலம்மாள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே, தண்ணீருக்கு அடியில், யாரோ ஒருவன் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் தன்னைப் பார்க்கிறான் என்று தெரிந்தது. அவனுக்கும் ஐந்து மாதம் கடிதம் போட முடிந்திருக்காது, அவன் ஊரிலும் ஒருத்தி எதையாவது கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. போய்விடு என்கிற மாதிரி, சின்னப் பிள்ளையை வீட்டுக்கு விரட்டுகிற மாதிரி, கையை அசைத்தாள்.

குழாய் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது. எசக்கியேலின் வலை அறுந்து, தெற்குப் பக்கமாக நீர்க்குமிழிகள் ஒரு வரிசையாகப் போய், அடங்கின.

பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்காற்றில் திரும்பி வந்தார்கள். ஆறு மணிக்குக் கிட்டங்கியின் கம்பி ஒரு சேதியைப் பிடித்தது. அன்றைய சக்கர நிலை மத்தியானமே தெரிந்திருந்ததால், விளக்கு வைக்கிற நேரத்திலேயே எண்ணி அதைத் தெளிவாக்கியது, மேல்மாடியில் எதிரியின் மொழி தெரிந்தவர் அதை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தார். 'காலையில் நாற்பது மீன்பிடிப் படகுகள் என்னைப் பார்த்துவிட்டன. பெண்களும் இருந்தார்கள். கரைக்குச் சொல்லிவிடுவார்கள். இடத்தைவிட்டு விலகுகிறேன்.'

சக்கரங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எப்சிபாய் அதைக் கேப்டனிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, தன் இலக்கணத் தமிழில் ஏதோ சொல்ல முயன்றார், வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கிளிமாறன் மறுநாள் தூத்துக்குடியில் அரிசி இறக்கியது. ஞாயிற்றுக்கிழமை கஸ்பார் தோளில் ஒரு சாக்கும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக, மெலிந்து, கரித்தூள் போகாத நகங்களோடு, நடந்தே ஊருக்கு வந்து சேர்ந்தான். மிக்கேலம்மாள் வாசலில் உட்கார்ந்து கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். கத்தி கையிலேயே இருந்தது. அவன்தான் அதை வாங்கிக் கீழே வைத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் எண்ணி எத்தனை கப்பலைக் கரை சேர்த்தது என்பதற்குக் கணக்கு இல்லை, இருந்த தாளையெல்லாம் சண்டை முடிந்ததும் எரித்துவிட்டார்கள். தாணுமாலயனே தன் கையால் எண்ணியைப் பிரித்தார். ஒன்றுக்கும் பயப்படாத அந்த மனுசன் கடைசி வரிசையை அணைக்கச் சொன்னபோது வெளியே போய் நின்றுகொண்டார், எப்சிபாய்தான் சுவிட்சை அணைத்தாள். மரம் அன்றிலிருந்து ஏழு நாளில் உலர்ந்தது. இலைகள் உதிர்ந்து, உதிர்ந்த இடத்திலேயே பொடிந்து, கடற்கரை மணலோடு மணலானது. எப்சிபாய் கல்கத்தாவுக்குப் போனாள். சில வருடம் கழித்து அங்கே மின்சாரத்தில் எண்ணுகிற இயந்திரம் ஒன்று கட்ட முயன்றவர்களோடு சேர்ந்து, இதற்கு முன் இப்படி ஒன்றைப் பார்த்ததுண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லி, மூன்று மாதத்தில் அதன் பாதியைத் தானே கட்டி முடித்தாள் என்று மிக்கேலம்மாளுக்கு வந்த கிறிஸ்துமஸ் கடிதத்தில் இருந்தது.

சிப்பித்துறையில் ஒவ்வொருவரிடமும் கேப்டன் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிட்டுத்தான் போனார், பார்த்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று. வாங்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலில் கஸ்பார் பெயர் இல்லை, ஏனென்றால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. கப்பல் வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, அவன் அந்தப் பயணத்தைப் பற்றி எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினான். கடல் முழுக்க எமன் திரிந்த காலத்தில் கிளிமாறன் எப்படித் தப்பியது என்பதற்கு அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது, வருடம் ஆக ஆக அது வளர்ந்தது. அதில் கப்பலின் கேப்டன் வளைத்து வளைத்து ஓட்டினார், புகை வெளியே தெரியாமல் இருக்கக் கஸ்பார் ஒரு தனித் தினுசில் கரி தள்ளினான், அதற்காகக் கேப்டன் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பெருநாள் விருந்துகளில், கல்யாண வீடுகளில், வலை காய்கிற மத்தியானங்களில் அவன் சொல்வான். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் அன்றைக்குப் பெரியபாருக்குப் போனவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள், சந்தியாகு தண்டல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார், எசக்கியேல் அறுந்துபோன வலையைப் பற்றி முப்பது வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் சரியான இடங்களில் உச்சுக் கொட்டுவார்கள். கஸ்பார் கதையை முடித்துவிட்டு, எப்போதும்போல மனைவியின் பக்கம் திரும்பிக் கேட்பான்.

"நான் அந்தக் கரியை அப்படித் தள்ளலைன்னா இன்னைக்கு உனக்குப் புருசன் ஏது, சொல்லு பாப்போம்?"

"அதான" என்பாள் மிக்கேலம்மாள். "கை வலிச்சிருக்குமே உங்களுக்கு." அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்து, முள் இருக்கிறது, பார்த்துச் சாப்பிடுங்கள் என்பாள்.